கோத்தகிரி சைப்ரஸும் நீலகிரி மர எலியும்: ‘அருகிய இனம்’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள், நீலகிரியில் இருக்கும், உலகச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்ற பத்து உயிரினங்களைப் பற்றி எழுதிக்கொண்டு வர வேண்டும். வரையாடு, கருமந்தி, சோலைமந்தி என்று கடகடவென எழுதிக்கொண்டே வந்தவள் ஏழாவதில் நின்றுவிட்டாள். “அத்தை, இதுல ஏதோ தப்பு இருக்கு. நீலகிரி மர எலின்னு ஒண்ணு போட்டிருக்கு, அதை நான் பாத்ததே இல்ல, சரி, ஆபத்துல இருக்கலாம். ஆனா சைப்ரஸும் பட்டியல்ல இருக்கே! நம்ம ஸ்கூல் பின்னாடியே நாப்பது மரம் நிக்குதே, அது எப்படி ஆபத்துல இருக்கும்?”

நல்ல கேள்வி. மூன்று நான்கு சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் கூட்டி எழுதுகிறேன். ஒரு மரத்தையும் ஒரு எலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘அருகிய இனம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள், எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணுவதில்லை என்பது பத்துப் பாடம் படித்ததைவிடத் தெளிவாகப் புரியும் என்று நான் நம்புகிறேன்.

முதலில் இரண்டு பேரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

மரம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வந்தவர்கள் சைப்ரஸைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. பழைய பங்களாக்களைச் சுற்றி, தேவாலய வளாகங்களில், எஸ்டேட் ஓரங்களில் காற்றுத் தடுப்பாக வரிசையாக நிற்கும் கரும்பச்சை மரம். கூம்பு காய்க்கும் மரங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தக் கூட்டத்தில் பூ கிடையாது, பழம் கிடையாது. விதை ஒரு கனிக்குள் மூடியிருக்காமல் கூம்பின் செதில்களுக்கு நடுவே வெறுமனே உட்கார்ந்திருக்கும். ஆண் கூம்பிலிருந்து மகரந்தத்தைக் காற்றுதான் பெண் கூம்புக்குக் கொண்டுபோகும், தேனீ வேண்டாம், வண்டு வேண்டாம்.

கூம்பு மரம் என்றதும் எல்லோருக்கும் பைன்தான் ஞாபகம் வரும், தலைக்குந்தா பைன் காட்டில் நின்று போட்டோ எடுக்காத சுற்றுலாப் பயணி உண்டா என்ன. பைனுக்கு இலை ஊசி மாதிரி இருக்கும். சைப்ரஸுக்கு அப்படியில்லை, மீன் செதில் மாதிரி குட்டிக் குட்டியாகக் குச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நுனியைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள், எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் ஒரு வாசம் வரும். காய் உருண்டையாக, பெரிய கோலிக்குண்டு அளவில், சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். அதை ‘காய்’ என்று நாம் சொன்னாலும் அதுவும் கூம்புதான்.

நம் மலையில் நிற்பதில் பெரும்பகுதி மாண்டெரே சைப்ரஸ் என்ற வகை. அறிவியல் பெயரில் ‘மேக்ரோகார்ப்பா’ என்று வரும், பெரிய காய் கொண்டது என்று பொருள். நல்ல மண்ணும் இடமும் கிடைத்தால் 40 மீட்டர் வரைகூட உயரும். வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்கும் தடிக்கும் காற்றுத் தடுப்புக்கும் என்று வெளிநாட்டு மரங்கள் பலவற்றைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள், நாம் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், சீகை என்று சொல்லும் வாட்டில், கூடவே இந்த சைப்ரஸ். கடல் மூடுபனியில் குளிர்ந்து கிடக்கும் ஊரிலிருந்து வந்த மரத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியின் மூடுபனி ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

அது வந்த ஊர் எது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாண்டெரே என்ற இடத்தின் கடற்கரை. அங்கே சைப்ரஸ் முனை என்ற பகுதியில் ஒரு தோப்பு, பாயிண்ட் லோபோஸ் என்ற இடத்தில் இன்னொரு தோப்பு. அவ்வளவுதான். இந்தப் பூமி முழுக்க, மனிதன் நடாமல் தானாக முளைத்துத் தலைமுறை தலைமுறையாக அந்த மரம் வாழும் இடம் அந்த இரண்டே தோப்புகள்தான். நியூசிலாந்தின் பண்ணைகளில், ஆஸ்திரேலியாவில், ஐரோப்பியக் கடலோரங்களில், நம் நீலகிரியில் எத்தனையோ நின்றாலும் எல்லாமே நட்டதும், நட்டதிலிருந்து விழுந்து முளைத்ததும்தான்.

இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “ரெண்டே இடமா?” என்று மட்டும் கேட்டாள்.

எலி

எலி என்றால் வீட்டில் அரிசி மூட்டையைக் கடிப்பதுதான் நமக்குத் தெரியும், அதனால் எலியைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். கொறித்துண்ணிகளின் குடும்பம் ரொம்பப் பெரியது. உலகத்துப் பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொறித்துண்ணிகள்தான். அணில், முள்ளம்பன்றி, மரத்தில் தாவும் மலை அணில் எல்லாம் இதில் அடக்கம். எல்லோருக்கும் பொதுவான அடையாளம் முன்பற்கள், மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி, சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன், மூஞ்சூறு கொறித்துண்ணி இல்லை. பிள்ளையார் வாகனம் என்று நாம் எலியையும் மூஞ்சூறையும் மாற்றி மாற்றிச் சொன்னாலும், மூஞ்சூறு பூச்சி தின்னும் வேறொரு கூட்டம், பல்லின் அமைப்பே வேறு.

நம் கதாநாயகன் நீலகிரி நீளவால் மர எலி. உள்ளங்கையில் அடங்கிவிடும் சுண்டெலி அளவுதான், ஆனால் வால் உடலைவிட நீளம். கிளையில் நடக்கும்போது அந்த வால்தான் அதற்குச் சமநிலைக் கழி. இந்தப் பேரினத்து, அதாவது நெருங்கிய சொந்தமான இனங்கள் சேர்ந்த கூட்டத்து, எலிகளின் கால் விரல்களைப் பார்த்தால் மரத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும்: முதல் விரலிலும் கடைசி விரலிலும் கூர்நகம் இல்லாமல் நம்முடையதைப் போலத் தட்டையான நகம், அந்த விரல்களை மற்ற விரல்களுக்கு எதிராக மடக்கி மெல்லிய குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இரவில்தான் நடமாட்டம். மரத்திலும் புதரிலும் வாழும். அதனால்தான் நீலகிரியில் பிறந்து வளர்ந்த நம்மில் பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததே இல்லை, பார்த்திருந்தாலும் ‘ஏதோ சுண்டெலி’ என்று விட்டிருப்போம்.

இதை முதன்முதலில் விவரித்து எழுதியவர் தாமஸ் ஜெர்டன் என்ற மருத்துவர், ஆண்டு 1867, அவர் விவரித்த எலி கிடைத்த ஊர் நம் ஊட்டி. அதனால்தான் அறிவியல் பெயரிலேயே ‘நிலகிரிகா’ என்று நம் மலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீலகிரியிலும் அதையொட்டிய மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் மட்டும்தான் இது உண்டு. வேறு எந்த நாட்டிலும் கிடையாது, யாரும் இதை மூட்டை கட்டிக்கொண்டுபோய் வேறு மலையில் விடவும் இல்லை.

இது தனியாகவும் இல்லை. குன்னூரிலிருந்து 1898இல் விவரிக்கப்பட்ட இன்னொரு சுண்டெலி இருக்கிறது, அறிவியல் பெயர் முஸ் ஃபாமுலஸ், அதுவும் அருகிய இனம்தான். புலிக்கும் யானைக்கும் பேர் சொல்லிப் பேச ஆள் இருக்கிறது. இந்தச் சின்ன உயிர்களுக்குத் தமிழில் நிலைத்த பெயர்கூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரே அளவுகோல் எப்படி?

சரி, இப்போது பட்டியலுக்கு வருவோம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1948இல் தொடங்கியது. சிவப்புப் பட்டியல் என்ற வேலையை 1964இல் ஆரம்பித்தார்கள். கீழிருந்து மேலே படி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கவலை குறைந்தது, அபாயத்தை நெருங்குவது, அழிவாய்ப்பு உள்ளது, அருகியது, மிக அருகியது, அப்புறம் காட்டில் அழிந்து மனிதர் வளர்ப்பில் மட்டும் எஞ்சியது, கடைசியாக முற்றிலும் அழிந்தது. தகவல் போதாது என்று ஒரு தனிப் பெட்டியும் உண்டு. நடுவில் இருக்கும் மூன்று படிகளைத்தான், அதாவது அழிவாய்ப்பு, அருகியது, மிக அருகியது மூன்றையும், மொத்தமாக ‘அச்சுறுத்தலில் உள்ளவை’ என்பார்கள். மர எலி இருப்பது ‘அருகியது’ படியில். மாண்டெரே சைப்ரஸ் அதற்கு ஒரு படி கீழே, ‘அழிவாய்ப்பு’ படியில்.

இந்தப் படிகளை யாரும் மனசுக்குத் தோன்றியபடி போடுவதில்லை. மரம், எலி, தவளை, மீன் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல், எண்களோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்து வாசல் கொண்ட ஒரு கட்டடம் என்று சொல்லலாம், எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் உள்ளே வந்துவிட்டதாகத்தான் கணக்கு. எண்ணிக்கை வேகமாகக் குறைவது ஒரு வாசல். வாழும் பரப்பு சிறிதாக இருந்து, அதுவும் துண்டுதுண்டாகி, இன்னும் சுருங்கிக்கொண்டிருப்பது இன்னொன்று. எண்ணிக்கை ஏற்கெனவே குறைவாக இருந்து மேலும் குறைவது மூன்றாவது. ரொம்ப ரொம்பக் கொஞ்சமாகவோ ரொம்பச் சின்ன இடத்திலோ இருப்பது நான்காவது. கணக்குப் போட்டு அழியும் சாத்தியத்தை மதிப்பிடுவது ஐந்தாவது.

எலிக்கு அந்த இரண்டாவது வாசலைப் பார்ப்போம், ஏனென்றால் சிறு பரப்பில் வாழும் மலை உயிர்கள் பலவும் இதன் வழியாகத்தான் பட்டியலுக்குள் வருகின்றன. அந்த உயிர் இருப்பதாகத் தெரிந்த எல்லா இடங்களையும் வரைபடத்தில் புள்ளி வைத்து, வெளிப்புள்ளிகளைச் சுற்றி ஒரு கயிறு கட்டியதுபோலக் கோடு போட்டால் உள்ளே வரும் பரப்பு ஒரு கணக்கு. அது 5,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் ‘அருகியது’ படிக்கான எல்லைக்குள் வந்துவிடும். நீலகிரி மாவட்டமே சுமார் 2,550 சதுர கிலோமீட்டர்தான், அப்படியென்றால் எல்லை எவ்வளவு என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும்.

ஆனால் கயிற்றுக்குள் இருக்கும் எல்லா இடத்திலும் அந்த உயிர் இருக்காதே! கயிற்றுக்குள் ஊட்டி பேருந்து நிலையம் இருக்கும், ஏரி இருக்கும், ஆயிரக்கணக்கான ஏக்கர் தேயிலை இருக்கும், கேரட் தோட்டம் இருக்கும். அதனால் வரைபடத்தை இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, உண்மையிலேயே அந்த உயிர் இருக்கும் கட்டங்களை மட்டும் கூட்டும் இரண்டாவது கணக்கும் உண்டு. அதற்கான எல்லை 500 சதுர கிலோமீட்டர். பரப்பு சிறிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். துண்டு துண்டாக இருப்பது, தொடர்ந்து சுருங்குவது, ஏறி இறங்கி ஊசலாடுவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பரப்பு சின்னதாக இருந்தும் நிம்மதியாக வாழும் உயிர்களை வீணாகப் பயமுறுத்தக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நிபந்தனை, எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது.

இந்த இடத்தில் நம் மலையின் ஒரு விசேஷத்தைச் சொல்லியாக வேண்டும். நீலகிரியின் மேட்டுப் பகுதியில் சோலைக்காடு என்பது எப்போதுமே தீவுகள் மாதிரித்தான், ஓடை ஓடும் மடிப்புகளில் சோலை, சுற்றிலும் சரிவெல்லாம் புல்வெளி. மரத்திலேயே வாழும் ஒரு எலிக்கு அப்போதும் எல்லாக் காடும் ஒட்டிக் கிடக்கவில்லை. ஆனால் அந்தத் தீவுகள் நெருக்கமாக இருந்தன, ஓடைக்கரை மரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போயின. அந்தக் கோர்வையைத்தான் நாம் அறுத்துக்கொண்டே வருகிறோம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர், அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2024இல் அதற்கு ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் காடு அது, அந்தச் சந்தோஷம் நியாயமானது. ஆனால் வரைபடத்தில் மேலிருந்து பாருங்கள், நாலு பக்கமும் தேயிலையும் வீடுகளும். இடுப்பளவு தேயிலைச் செடியைத் தாண்டி அடுத்த சோலைக்குப் போக மர எலியால் முடியுமா என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சைப்ரஸ் நுழைவது நான்காவது வாசலில். அங்கே ஒரு விதி: ஒரு இனம் வாழும் இடம் 20 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாகவோ, அல்லது ஐந்து இடங்களுக்கு மேற்படாமலோ இருந்து, ஒரே ஒரு விபத்து (காட்டுத்தீ, நோய், எதுவாகவும் இருக்கலாம்) குறுகிய காலத்தில் அதைப் பெரிதாகப் பாதிக்கும் என்றால், இன்று அந்த மரங்கள் ஆரோக்கியமாகவே நின்றாலும் ‘அழிவாய்ப்பு’ படியில் வைப்பார்கள். இரண்டே தோப்பு. ஒரு தோப்பில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தீ விஷயத்தில் சைப்ரஸுக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு, இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கூம்புகள் பழுத்த பிறகும் பல வருஷம் மூடியபடியே கிளையில் கிடக்கும், சூடு பட்டால் விரிந்து விதையைக் கொட்டும். அதாவது எரிந்த இடத்தில் அடுத்த தலைமுறைக்கான விதை மேலே தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கும். எலிக்கு அப்படி ஒரு சேமிப்பும் கிடையாது. ஒரு சோலையில் எலிகள் செத்துவிட்டால், அடுத்த சோலையிலிருந்து ஏதாவது ஒன்று கிளை வழியாக நடந்து வந்தால்தான் உண்டு.

காலத்தை எப்படி அளப்பது?

‘எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் அருகியது’ என்று முதல் வாசலில் ஒரு விதி இருக்கிறது. எத்தனை வருஷத்தில் பாதி? இங்கேதான் மரமும் எலியும் ஒன்றையொன்று நன்றாக விளக்குகின்றன.

பத்து வருஷம் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அது. தலைமுறை என்றால் பிறந்ததிலிருந்து சாவது வரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது பிள்ளை பெற்றுக்கொண்டிருப்பவர்களின் சராசரி வயது, அதுதான் தலைமுறைக் காலம். சுண்டெலி அளவு உயிருக்கு மூன்று தலைமுறை என்பது சில வருஷத்திலேயே முடிந்துவிடும், அதனால் அதற்குப் பத்து வருஷம்தான் கணக்கு. சைப்ரஸ் நூற்றாண்டுகள் வாழக்கூடிய மரம், மூன்று தலைமுறை என்றால் நம் கொள்ளுத்தாத்தா காலத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இதனால் ஏற்படும் ஒரு மயக்கத்தைச் சொல்கிறேன். ஒரு காட்டில் எலிகள் குறைந்தால் சீக்கிரமே வெறிச்சோடிவிடும், ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் இருந்தபோதே பார்க்கவில்லை. மரம் அப்படியில்லை, புதிதாக ஒரு கன்றுகூட முளைக்காத தோப்பிலும் கிழட்டு மரங்கள் ஐம்பது வருஷம் கம்பீரமாக நிற்கும், பார்க்கிறவர்கள் ‘அடர்ந்த காடு’ என்றே சொல்வார்கள். தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் கிராமம் மாதிரி. அதனால் ஒரு தோப்பின் உடல்நிலையைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்காமல் குனிந்து, கீழே கன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். எங்கள் பள்ளிக்குப் பின்னால் அவள் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள், பெரிய மரம் நாற்பத்தொன்று, கன்று ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் நம் மரங்களை ஏன் எண்ணுவதில்லை?

அவளுடைய முதல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம். சிவப்புப் பட்டியலில் எண்ணுவது ஓர் உயிர் தன் சொந்த இடத்தில், காட்டு நிலையில் எப்படி இருக்கிறது என்பதைத்தான். காப்பாற்றும் நோக்கத்தோடே, பொருத்தமான வாழிடத்தில் கொண்டுபோய் வைத்த கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, ஆனால் விறகுக்கும் அழகுக்கும் நட்டவை அந்தக் கணக்கில் வராது. எனவே கோத்தகிரியில் நாற்பது, ஊட்டியில் நாலாயிரம் நின்றாலும், மாண்டெரேயின் இரண்டு தோப்புகளின் கணக்கில் ஒரு இலைகூடக் கூடாது.

“ஏன் அத்தை, மரம் மரம்தானே?” என்றாள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கடற்கரைத் தோப்பில் நிற்பது மரம் மட்டும் இல்லையே, உப்புக்காற்றில் வளைந்து வளைந்து தலை தட்டையாகிப் போன மரங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பரம்பரைக் குணம், அதன் பட்டையில் பாசி, வேரில் பூஞ்சை, அந்த மண், அந்தக் கடல்பனி எல்லாம் சேர்ந்த ஒரு வாழ்க்கை அது. உலகத்தில் நட்டிருப்பதெல்லாம் அந்தத் தோப்புகளிலிருந்து எப்போதோ எடுத்த ஒரு சில பை விதையின் வாரிசுகள். மூடுபனி எட்டாத சூடான உள்நாட்டில் நட்ட இடங்களில் பட்டையைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றிருக்கிறது, குளிர்ந்த கடலோரத்தில் அந்த நோய் அவ்வளவு கடுமையாக இல்லை. சொந்த இடம் என்பது வெறும் முகவரி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். என் தாத்தாவும் பாட்டியும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பலேறி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து நீலகிரியில் தங்கியவர்கள். அதனால் வெளிநாட்டு மரங்களைப் பற்றிப் பேசும்போது சிலர் சட்டென்று சொல்லும் ‘வந்தேறி’ என்ற சொல் எனக்குப் பிடிக்காது, எந்த உயிரைப் பற்றியும் அதை எழுத மாட்டேன். மனிதருக்கு ஒரு ஊர் என்பதும் ஓர் உயிரினத்துக்கு ஒரு வாழிடம் என்பதும் வேறு வேறு விஷயங்கள், இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. சைப்ரஸ் தானாக நடந்து வரவில்லை, கொண்டுவந்து நட்டார்கள். அந்த மரத்தின்மேல் எனக்குக் கோபமும் இல்லை. தானாகப் பரவிப் புல்வெளியை மூடும் சீகை மாதிரியான மரங்களைச் சோலையிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் படிப்படியாக எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, தமிழ்நாடு அரசும் 2022இல் இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. எந்த மரத்தை, எங்கே, எவ்வளவு வேகத்தில் என்பதைத்தான் ஒவ்வொரு சரிவிலும் நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பெயர் மாறினால் விதியும் மாறும்

இதுவரை சொன்னதைவிட எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஓர் உயிரைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அது தனி இனம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மர எலிக்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு, அது இந்தியா, இலங்கை, மியான்மர் தாண்டி வியட்நாம் வரை பரவியிருக்கும் சாதாரண நீளவால் மர எலி, பட்டியலில் ‘கவலை குறைந்தது’. ஜெர்டன் 1867இல் நீலகிரி எலியைத் தனியாக விவரித்திருந்தாலும், பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று சேர்த்துவிட்டார்கள். சேர்த்தபோது நீலகிரி எலி காணாமல் போய்விட்டது, காட்டில் இல்லை, காகிதத்தில். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவிய ஒரு பெரிய கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு புள்ளி ஆகிவிட்டது. அந்தப் புள்ளி அழிந்தாலும் கணக்கில் ஒன்றும் குறையாது. 2005இல் வெளியான உலகப் பாலூட்டி இனங்களின் பெரும்பட்டியலில் அது மறுபடியும் தனி இனமாக இடம் பிடித்தது. அதே எலி, அதே சோலை, ஆனால் தனிப்பெயர் வந்தபிறகுதான் அதற்குத் தனியாக ஓர் ஆபத்து இருப்பதே கண்ணில் பட்டது. இலங்கை மலைகளில் இருக்கும் இதன் இன்னொரு சொந்தமும் அதேபோலத் தனி இனம், அதுவும் அருகியது.

சைப்ரஸுக்கும் பெயர் மாறியது. புதிய உலகத்து (அமெரிக்கக் கண்டங்களின்) சைப்ரஸ்கள் பழைய உலகத்து (ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவின்) சைப்ரஸ்களிலிருந்து விலகியவை என்று சொல்லி 2009இல் இதை ஹெஸ்பெரோசைபாரிஸ் என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆனால் அங்கே மாறியது குடும்பப் பெயர் மாதிரியான முன்பாதி மட்டும்தான், அது தனி இனம் என்பதில் மாற்றமில்லை, அதனால் அதன் ஆபத்தின் கணக்கும் அப்படியே நின்றது. இன எல்லை மாறினால்தான் கணக்கு மாறும், பேரினம் மாறினால் மாறாது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் செய்தித்தாளில் வரும் ‘புதிய இனம் கண்டுபிடிப்பு’ செய்திகளை வேறு கண்ணோடு படிப்பீர்கள்.

ஓடிப்போய் இன்னொரு கூம்பு மரத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம், ஏனென்றால் ‘அப்போ நம்ம ஊர் கூம்பு மரமே கிடையாதா’ என்று அவள் கேட்டாள். உண்டு. தென்னிந்தியாவுக்கே சொந்தமான கூம்புத் தாவர மரம் ஒன்றே ஒன்று, அறிவியல் பெயர் நகேயா வாலிச்சியானா, மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதி மழைக்காடுகளில், அகத்தியமலைப் பக்கமெல்லாம் வளர்கிறது. ஊசியும் இல்லை, செதிலும் இல்லை, அகலமான இலை, தூரத்திலிருந்து பார்த்தால் கூம்பு மரம் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீர்கள். நம் மலைகளில் அது அபூர்வம். ஆனால் வடகிழக்கு இந்தியா, தென்கிழக்கு ஆசியா, நியூகினி வரை பரவியிருப்பதால் உலகப் பட்டியலில் ‘கவலை குறைந்தது’ என்று இருக்கிறது. இங்கே அபூர்வமான மரத்துக்கு உலகத்தில் கவலை இல்லை, இங்கே தெருவுக்குத் தெரு நிற்கும் சைப்ரஸுக்கு உலகத்தில் ஆபத்து. உலகப் பட்டியலை மட்டும் பார்த்து உள்ளூரில் முடிவெடுத்தால் தப்பாகும் என்பதற்கு இந்த மரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செயல்திட்டத்தில் அவள் கடைசியில் சைப்ரஸை நீலகிரிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ‘நம் ஊரில் வளரும் வேறு ஊர்க்காரர்’ என்று தலைப்புப் போட்டுத் தனிப் பக்கத்தில் ஒட்டினாள், பக்கத்தில் மாண்டெரே கடற்கரையின் வரைபடம், இரண்டு தோப்புக்கும் இரண்டு பச்சைப் புள்ளி. எலிப் பக்கத்தில் ஒட்ட நல்ல படமே கிடைக்கவில்லை, அவளே வரைந்தாள், வாலை மட்டும் பக்கத்தின் ஓரம் வரை நீட்டிவிட்டாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஓர் ஓடை இருக்கிறது, அதன் கரையில் பத்துப் பதினைந்து சோலை மரங்கள் இன்னும் மிச்சம், கொடி சுற்றிப் பின்னிக் கிடக்கும். கொடியை வெட்டிச் சுத்தப்படுத்தலாம் என்று போன வருஷம் பேச்சு வந்தபோது நான்தான் விடுங்கள் என்று கெஞ்சினேன், அந்தக் கொடிகள்தான் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பாலம். கோத்தகிரியில் இருட்டியபிறகு கரடிக்கும் காட்டுமாட்டுக்கும் பயந்து யாரும் ஓடைப்பக்கம் இறங்க மாட்டோம், அதனால் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்கிறோம். நிலா இல்லாத இரவு நல்லது, மெல்லிய குச்சிகளைப் பார்க்க வேண்டும், தடித்த கிளையை இல்லை. இதுவரை இரண்டு இரவு உட்கார்ந்தோம், ஒன்றும் தென்படவில்லை. வெள்ளை வெளிச்சம் கூசும் என்று யாரோ சொன்னார்களாம், அடுத்த அமாவாசைக்காக டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறாள்.